இலங்கைச் சிலந்திகளின் பாகுபாடும் கூர்ப்பும்

உயிர்களை இனம்பிரித்து அறியும் முயற்சி மனிதனின் அறிவு வரலாற்றில் மிகப் பழமையானது. தொல்காப்பியத்து மரபியல், உயிர்களை அவற்றின் அறிவின் அளவுகொண்டு ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்துரைக்கின்றது. கிரேக்க அறிஞராகிய அரிசுத்தோத்தில், விலங்குகளைக் குருதியுடையன, குருதியற்றன என இரண்டாகப் பிரித்தார். முறைகள் வேறாயினும் அவற்றின் அடியிற் கிடக்கும் வினா ஒன்றே. எப்பண்பைக் கொண்டு பிரிப்பது? அப்பண்பு பிரிப்போனின் வசதிக்கு ஏற்றதா, அன்றி உயிர்களுக்கிடையே இயல்பாக அமைந்த உறவைக் காட்டுவதா? இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியில் விஞ்ஞானம் எத்துணைத் தூரம் நடந்துள்ளது என்பதை அறிதற்கு, வீட்டுக் கூரையிலும் வேலியோரத்திலும் நாடோறும் காணப்படும் சிலந்தியே போதிய சான்றாகும்.

சிலந்தியைப் பேச்சு வழக்கில் எட்டுக்காற் பூச்சி என்பர். அப்பெயரிலேயே பாகுபாட்டுச் சிக்கல் ஒன்று அமைந்துள்ளது. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு, உடற்பகுதிகள் மூன்று, தலையில் உணர்கொம்புகள் உண்டு. சிலந்திக்கோ கால்கள் எட்டு, உடற்பகுதிகள் இரண்டு, உணர்கொம்பும் இறகும் இல்லை. ஆகவே அது பூச்சியன்று. தேளும் உண்ணியும் அடங்கிய வகுப்பைச் சேர்ந்தது. உலகெங்கும் விஞ்ஞானப் பெயர் பெற்ற சிலந்தியினங்களின் தொகை 2022 ஆம் ஆண்டில் 50,000 ஐ எட்டியது. இலங்கையிலிருந்து பதிவாகியுள்ளவை ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழப் பாதி இத்தீவிலன்றி வேறெங்கும் காணப்படாதவை. இச்சிறு தீவில் இத்துணை வகைகள் எவ்வாறு தோன்றின, அவற்றை அறிந்து பெயரிட்டோர் யாவர், அவர்தம் அறிவு எங்கே குறைந்து எங்கே நிறைந்தது என்பன ஆராயத்தக்கன.

இலங்கைச் சிலந்தி பற்றிய முற்பட்ட ஆங்கிலக் குறிப்புக்களுள் ஒன்று, விஞ்ஞானி ஒருவரால் எழுதப்பட்டதன்று. கைதி ஒருவரால் எழுதப்பட்டது. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி 1660 ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுக் கண்டியரசில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் தங்கியிருந்து, 1679 இல் தப்பிச் சென்றார். 1681 இல் அவர் வெளியிட்ட நூலில், கைமுட்டியளவு உடலும் மயிரடர்ந்த கால்களும் கொண்ட கருஞ்சிலந்தி ஒன்று கூறப்படுகின்றது. அது மரப்பொந்துகளில் வாழும் என்றும், நஞ்சுடையது என்றும், அதனாற் கடியுண்டோர் இறவாராயினும் வேதனையால் அறிவுமயங்குவர் என்றும் அவர் எழுதினார். அதன் பெயரை அவர் ‘டெமொக்குலோ’ எனக் குறித்தார். அது சிங்கள மக்கள் இன்றும் வழங்கும் ‘திவிமக்குளுவா’ என்னும் பெயரின் திரிபேயாகும். அப்பெயருக்குச் சிறுத்தைச் சிலந்தி என்பது பொருள். வாழிடம், குணம், மக்கள் வழங்கும் பெயர் ஆகிய மூன்றையும் நொக்ஸ் ஒருங்கே பதிவுசெய்தார் என்பது கருதத்தக்கது. ஏனெனில், அவருக்குப் பின் வந்த இரு நூற்றாண்டுகளில் இம்மூன்றும் சிலந்தியிலிருந்து பிரிக்கப்பட்டன.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், கீழைத்தேசப் பொருள்களோடு கீழைத்தேச உயிர்களும் அம்சுடர்டாம் நகரைச் சென்றடைந்தன. அந்நகரில் மருந்து வணிகம் செய்த அல்பேட்டசு சேபா, கப்பல்களில் வந்த அரும்பொருள்களைத் தொகுத்து வைத்திருந்தார். 1734 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அவருடைய பெருநூலில், இலங்கையது எனக் குறிக்கப்பட்ட பெருஞ்சிலந்தி ஒன்றின் படமும் இடம்பெற்றது. 1757 இல் சுவீடன் நாட்டவரான கார்ல் கிளெர்க் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூலில் இருசொற் பெயர்முறையைக் கையாண்டார். மற்றெல்லா விலங்குகளுக்கும் இலின்னேயசு 1758 இல் வெளியிட்ட நூலே பெயரிடுதலின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதாகவும், சிலந்திகளுக்கு மட்டும் ஓராண்டு முற்பட்ட கிளெர்க்கின் நூலே தொடக்கமாக ஏற்கப்பட்டுள்ளது. பின்னர் 1804 இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேயில், சேபா காட்டிய பெருஞ்சிலந்திக்கு ‘பசியாற்றா’, அதாவது பட்டையிட்டது, என்னும் இனப்பெயரைச் சூட்டினார். மரப்பொந்தில் வாழ்ந்த உயிர் இவ்வாறு ஏட்டுக்கு வந்து சேர்ந்தது. மரமும் பொந்தும் ஏட்டுக்கு வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் சிலந்திகளின் ஆராய்ச்சி கோப்பித் தோட்டங்களோடு தொடர்புற்றது. மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டபோது, அப்பயிரைத் தாக்கும் உயிர்களை அறியவேண்டிய தேவை எழுந்தது. கோப்பியின் பகைகளைப் பற்றி 1861 இல் நூலெழுதிய நீற்னர் என்பார், தாம் சேகரித்த சிலந்திகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றைப் பெற்று ஆராய்ந்தவர் ஒக்டேவியசு பிக்காட் கேம்பிரிட்ச் என்னும் குருவானவர். தோசெற் மாகாணத்துச் சிற்றூரொன்றிற் சமயப்பணி புரிந்துகொண்டே, உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த சிலந்திகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பெயரிட்டவர் அவர். நீற்னர் அனுப்பிய தொகுதியைப் பற்றிய அவருடைய பட்டியல் 1869 இல் வெளிவந்தது. இலங்கைக் கோப்பிச் செய்கையை அழித்த இலைநோய்க்கு விஞ்ஞானப் பெயர் இடப்பட்டதும் அதே ஆண்டிலேயே. அந்நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய பேராதனைப் பூந்தோட்ட அதிபர் துவெயிற்சு, கேம்பிரிட்சுக்குச் சிலந்திகளையும் அனுப்பி உதவியவராவர்.

அக்காலத்தில் பெயர்பெற்ற இலங்கைச் சிலந்திகளுள் இரண்டு, கூர்ப்பு என்னும் கருத்தை விளக்கவல்லன. ஒன்று, 1873 இல் பெயரிடப்பட்ட தெற்றிராபிளெம்மா. அப்பெயருக்கு நாற்கண்ணி என்பது பொருள். பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண்கள் எட்டு. உதிர்ந்த இலைகளின் அடியில் வாழும் இந்நுண்ணிய உயிருக்கோ நான்கே உண்டு. மற்றையது, 1869 ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்ற எறும்புச்சிலந்தி. மாமரத்து இலைகளைப் பிணைத்துக் கூடுகட்டும் முசுறெறும்பை இது நிறத்தாலும் வடிவாலும் நடையாலும் ஒத்திருக்கின்றது. எறும்பின் மெல்லிய இடையைப் போலத் தன் உடல் இடுங்கியிருக்க, முன்னங்கால்களை உயர்த்தி உணர்கொம்புகளைப் போல அசைத்து நடக்கின்றது. முசுறின் கடிக்கு அஞ்சி அதனை நெருங்காத பகையுயிர்கள் இச்சிலந்தியையும் விட்டு விலகுகின்றன. எறும்பைச் சிறிதளவு ஒத்தவை பிழைத்துப் பெருக, ஒவ்வாதவை இரையாகி அருக, எண்ணிறந்த தலைமுறைகளிற் படிப்படியாக உருவானது இவ்வொப்புமை. 1859 இல் சாள்சு டார்வின் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு இதனிலும் சிறந்த விளக்கம் அரிதாகும். ஆயினும் ஆல்ககோலில் அமிழ்ந்து இங்கிலாந்து சேர்ந்த சிலந்தியில் அதன் வடிவம் மட்டுமே எஞ்சியிருக்கும். அதன் நடையையும், அது எந்த எறும்போடு எந்த மரத்தில் உறைந்தது என்பதையும் காணல் இயலாது.

1883 முதல் 1886 வரை சுவிற்சர்லாந்து நாட்டவராகிய போல் சரசின், பிரிற்சு சரசின் என்னும் இருவர் இலங்கையிற் பயணஞ்செய்து உயிரினங்களைத் திரட்டினர். அவர்கள் கொணர்ந்த சிலந்திகளை பேர்லின் நகரத்து அறிஞர் கார்ஷ் ஆராய்ந்து 1892 இல் வெளியிட்டார். அவற்றுள் முட்செடிகளில் நூற்றுக்கணக்காகக் கூடி ஒரே வலையில் வாழும் சிலந்தியினம் ஒன்றுக்கு அவ்விருவர் நினைவாகச் ‘சரசினோரம்’ என்னும் பெயர் இடப்பட்டது. தன் இனத்தையே கொன்று தின்பதெனப் பெயர்பெற்ற உயிர்க்குலத்தில், இரையைக் கூடிப் பிடித்துக் கூடி உண்ணும் இனமும் தோன்றியமை கூர்ப்பின் விந்தைகளுள் ஒன்றாகும். அக்காலத்துச் சிலந்தியறிஞருள் தலைசிறந்தவராகிய பிரெஞ்சு நாட்டு இயூசீன் சீமோன், உலகச் சிலந்திகள் அனைத்தையும் குடும்பம் குடும்பமாக வகுத்த பெருநூலை 1892 முதல் 1903 வரை வெளியிட்டார். நொக்ஸ் கண்ட பெருஞ்சிலந்தி அடங்கிய சாதிக்குப் பீசிலோதீரியா எனப் பெயரிட்டவரும் அவரே. அஃது 1885 இல் நிகழ்ந்தது. கிரேக்க மொழியில் அதன் பொருள் பல நிறப் புள்ளிகளையுடைய விலங்கு என்பதாம். பாரிசு நகர அறிஞர் கிரேக்கத்திற் கண்ட பெயரும், கண்டி நாட்டு உழவர் தம் மொழியில் வழங்கிய பெயரும் ஒரே கருத்தைச் சுட்டுதல் வியத்தற்குரியது. 1900 இல் போகொக் என்னும் ஆங்கிலேயர், இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் சிலந்தி முதலியவற்றைத் தொகுத்து எழுதிய நூல், பல பதிற்றாண்டுகளுக்கு இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கிற்று.

இவ்வறிஞர்களின் உழைப்பு போற்றற்குரியது. எனினும் அதன் விளைவாக எழுந்த நிலைமை கவலைக்குரியது. இனமொன்றுக்குப் பெயரிடும்போது எந்த உடலைக்கொண்டு பெயரிடப்பட்டதோ அதுவே அவ்வினத்தின் மூலமாதிரியாகப் பேணப்படும். பின்னர் எழும் ஐயங்கள் யாவும் அதனோடு ஒப்பிட்டே தீர்க்கப்படல் வேண்டும். கேம்பிரிட்சின் தொகுதி ஒக்சுபோட்டையும், சீமோனுடையது பாரிசையும், கார்ஷ் ஆராய்ந்தவை பேர்லினையும், போகொக் ஆராய்ந்தவை இலண்டனையும் சேர்ந்தன. ஆகவே இலங்கை மாணவனொருவன் தன் ஊர்க் காட்டில் வாழும் சிலந்தியின் பெயரை உறுதியாக அறிதற்கு ஐரோப்பிய நகரங்கள் நான்கை நாடவேண்டியிருந்தது.

இஃது ஒருபுறமாக, பாகுபாட்டின் அடிப்படையிலும் குறையிருந்தது. சிலந்திகளின் முதற்பெரும் பிரிவுகள் உடலமைப்பினால் தெளிவாகவே தெரியும். பீசிலோதீரியா போன்ற பழமையான அமைப்புடையவற்றின் நச்சுப்பற்கள் ஒன்றுக்கொன்று இணையாக மேலிருந்து கீழே இறங்கும். வலைபின்னும் சிலந்திகள் முதலிய பெரும்பாலானவற்றின் பற்களோ குறடுபோல எதிரெதிரே வந்து பொருந்தும். இதற்குக் கீழுள்ள பிரிவுகளிலேயே தடுமாற்றம் நேர்ந்தது. சில சிலந்திகளிடத்து நூல்சுரக்கும் உறுப்புக்களின் முன்னே சல்லடை போன்ற தகடொன்று உண்டு. அது கம்பளி போன்ற நுண்ணிழைகளை வெளிவிடும். அத்தகடு உடையன ஓரினம், இல்லாதன வேறினம் எனப் பழைய அறிஞர் பிரித்தனர். 1967 இல் பின்லாந்து நாட்டவராகிய லெற்றினன், இப்பிரிவு இயற்கையானதன்று என்பதை நாட்டினார். அத்தகடு முன்னோரிடம் இருந்த பழம்பண்பு. பல கால்வழிகள் அதனைத் தனித்தனியே இழந்துவிட்டன. வறுமையுற்றோர் அனைவரும் ஒரு குடும்பத்தினர் ஆகாமை போல, உறுப்பொன்றை இழந்தவை அனைத்தும் உறவினவாகா. ஒரு பண்பு உண்டா, இல்லையா என்று மட்டும் நோக்காது, அஃது எவரிடமிருந்து எவ்வழியாக வந்தது என்று நோக்குவதே இன்றைய பாகுபாடு. அதாவது, பாகுபாடு என்பது கூர்ப்பின் வரலாறேயாகும்.

அவ்வரலாற்றை இலங்கைக்குப் பொருத்திப் பார்ப்பின், முதலில் நிலத்தின் வரலாற்றை நோக்கல் வேண்டும். இந்தியாவும் இலங்கையும் அடங்கிய நிலத்திணிவு, தென்பெருங்கண்டத்தின் கூறாக இருந்து, ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகட்கு முன் மடகாசுகரிலிருந்து பிரிந்து, வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவோடு மோதிற்று. இரு நாடுகளையும் பிரிக்கும் பாக்குநீரிணை ஆழமற்றது. பனியூழிகளின்போது கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தமையால் இலங்கை பன்முறை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. அவ்வாறாயின் இரு நாட்டு உயிர்களும் ஒன்றாகவே இருத்தல் வேண்டுமன்றோ? 2004 இல் பொசூயிற்று என்னும் பெல்சிய அறிஞரும் அவருடைய குழுவினரும் தவளை, நன்னீர் நண்டு முதலியவற்றை ஆராய்ந்து, நிலப்பாலம் இருந்த காலத்தும் இலங்கைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே உயிர்களின் போக்குவரவு மிகக் குறைவாகவே நிகழ்ந்தது எனக் காட்டினர். தென்மேற்கு ஈரவலயத்தின் உயிர்களுக்குத் தடையாக நின்றது கடலன்று; இடையே கிடந்த வறண்ட சமவெளியே என்று கொள்ளின் இம்முடிவு எளிதில் விளங்கும்.

சிலந்திகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. பீசிலோதீரியா சாதி இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இல்லை. இரு நிலங்களின் பழைய உறவை இஃது உணர்த்தும். ஆயினும் ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளுக்குரிய ‘ஓர்நாற்றா’, மலைநாட்டுக்குரிய ‘சப்புசுக்கா’ என்னும் இனங்கள் இலங்கைக்கே உரியன. வறண்ட வலயத்தின் கதை வேறு. 2004 இல் இராமேசுவரத்திற் கண்டறியப்பட்ட இனமொன்றுக்கு, அங்குள்ள அனுமவிலாசக் கோயிலின் பெயரால் ‘அனுமவிலாசுமிக்கா’ எனப் பெயரிடப்பட்டது. அச்சிறு தீவுக்கே உரியதென்றும் மிக அருகிவிட்டதென்றும் கருதப்பட்ட அவ்வினம், மன்னாரிலும் வாழ்வது 2015 இல் வெளியிடப்பட்டது. சேதுவின் இருமருங்கும் ஒரே சிலந்தி வாழ்கின்றது. மரப்பொந்தில் வாழும் இவ்வுயிர் கடலை நீந்திக் கடந்ததன்று. கடல் நிலத்தை மூடுமுன் அங்கு வாழ்ந்த முன்னோரின் வழிவந்ததெனக் கொள்வதே பொருத்தமுடையது. நாட்டெல்லையாக இன்று கருதப்படும் கடல், இச்சிலந்தியின் கால்வழியில் நேற்று வந்த ஒன்றாகும்.

வன்னியிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று உண்டு. போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வடபகுதியிற் கிராமவாசிகள் கொன்ற பெருஞ்சிலந்தி ஒன்று ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்தது. அதன் அடையாளங்கள் அறிந்த இனங்களோடு பொருந்தாமையால், அவர்கள் காவற்றுறை அதிகாரி ஒருவரின் துணையோடு அப்பகுதியில் தேடினர். பழைய மரங்களின் பொந்துகளிலும், மாங்குளம் மருத்துவமனையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அச்சிலந்திகள் காணப்பட்டன. 2012 இல் ரணில் நாணயக்காரவும் அவர்தம் தோழர்களும் அதனைப் புதிய இனமெனப் பெயரிட்டு வெளியிட்டபோது, துணைபுரிந்த அதிகாரியின் பெயரையே அதற்குச் சூட்டினர். முற்காலத்தில் தொகுத்து அனுப்பிய துரைமாருக்கே கிடைத்துவந்த அச்சிறப்பு, இம்முறை வழிகாட்டிய உள்ளூரவர் ஒருவருக்குக் கிடைத்தது.

வடிவத்தை மட்டும் நம்பியமையால் நேர்ந்த வழுக்களும் உள. தென்கீழ் இலங்கையிலிருந்து 2001 இல் புதியதெனப் பெயர்பெற்ற பீசிலோதீரியா இனமொன்று, போகொக் 1895 இலேயே பெயரிட்ட இனந்தான் எனப் பின்னர் கொள்ளப்பட்டது. இத்தகைய ஐயங்களைத் தீர்க்க இன்று பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. துணைசெய்கின்றது. 2014 இல் வெளிவந்த இரு பேராராய்ச்சிகள், வட்டவலை பின்னும் சிலந்திகள் அனைத்தும் நெருங்கிய ஒரு குலத்தினவே என்ற பழைய முடிபை இம்முறையால் மாற்றின. இலங்கையிலும் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கை நிறுவனத்தில் சுரேஷ் பெஞ்சமின் தலைமையில் இத்துறை வளர்ந்துள்ளது. 2019 இல் கணேசரத்தினமும் பெஞ்சமினும், ஒளிரும் நிறமுடைய தத்துச்சிலந்திகளின் உடலமைப்பையும் டீ.என்.ஏ. யையும் ஒருங்கே ஆராய்ந்து, அவை தென்னாசியாவிலேயே பல்கிப் பிரிந்த ஒரு குலத்தைச் சேர்ந்தவை என நிறுவி, பிந்தெல்லோயிடெசு என்னும் புதிய சாதியை அமைத்தனர். மூன்று மில்லிமீற்றருக்கும் சிறிய இலைச்சருகுச் சிலந்திகளிலும் பல புதிய இனங்கள் இதே நிறுவனத்தாரால் அறியப்பட்டுள்ளன. இலங்கைச் சிலந்தியை இலங்கையிலேயே, அது வாழும் காட்டின் அருகிலேயே ஆராயும் காலம் வந்துள்ளது.

ஆயின் ஆராய்வோன் வந்து சேரும்போது ஆராயப்படுவது எஞ்சியிருத்தல் வேண்டும். பீசிலோதீரியாவுக்குப் பொந்துள்ள முதிய மரம் தேவை. அத்தகைய மரம் ஓராண்டிலோ பத்தாண்டிலோ உருவாவதன்று. காடு துண்டுபடும்போது மரமும், மரத்தோடு பொந்தும், பொந்தோடு சிலந்தியும் மறைகின்றன. அழகினால் வந்த கேடும் உண்டு. வளர்ப்போருக்கு விற்பதற்காக இச்சிலந்திகள் பிடிக்கப்படுகின்றமையால், 2018 இல் அமெரிக்க அரசு இலங்கையின் ஐந்து பீசிலோதீரியா இனங்களை அழியும் நிலையிலுள்ளவை எனப் பட்டியலிட்டது. அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையும் 2019 இல் இச்சாதி முழுவதையும் தன் கட்டுப்பாட்டிற் கொணர்ந்தது. சட்டத்துக்கும் பாகுபாடே அடிப்படை என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். பெயரில்லாத உயிரைப் பட்டியலிற் சேர்த்தல் இயலாது. தவறான பெயருடைய உயிர் தவறான பட்டியலிற் சேரும். இரண்டு இனத்தை ஒன்றெனக் கொண்டால், ஒன்று அழிந்தபோதும் மற்றொன்றைக் காட்டிக் குறையில்லை என்று கூறிவிடலாம். ஆகவே பெயரிடுதல் ஏட்டறிஞரின் வீண்தொழில் அன்று; காத்தலின் முதற்படியாகும்.

மரப்பொந்தில் வாழ்வது, கடித்தாற் கொல்லாதது, மக்களால் இன்ன பெயரால் அழைக்கப்படுவது என நொக்ஸ் எழுதி மூன்றரை நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. அவர் அறியாதது அதன் கால்வழி. பின்வந்த ஐரோப்பிய அறிஞர் அதன் வடிவத்தை நுணுகி அறிந்தனர். வாழிடத்தை அறிய அவர்களுக்கு வாய்ப்பிலதாயிற்று. வாழிடம், வடிவம், கால்வழி ஆகிய மூன்றும் ஒருங்கே அறியப்படும் இடம் இத்தீவே. மாங்குளத்து மரப்பொந்தும் மன்னாரின் வெளியும் மலைநாட்டுச் சருகும் எந்த அரும்பொருட்சாலையிலும் கிடையா. பாட்டன்மார் அஞ்சி அடித்துக் கொன்ற சிலந்தியைப் பேரர்கள் அடிக்குமுன் ஒருகணம் நின்று நோக்குவாராயின், இத்தீவின் கூர்ப்பு வரலாற்றில் இன்னும் எழுதப்படாதிருக்கும் ஏடுகள் பல அவர்கள் கையாலேயே எழுதப்படும்.